தவக்காலத்துக்கு வாங்கிய டிராலி ஸ்பீக்கர்: ஆறு வெள்ளியும் ஒரு மலையும்

2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தை, அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலத்தை, முன்னிட்டு எங்கள் பங்குக் கோவிலுக்கு ஒரு டிராலி ஸ்பீக்கர் வாங்கினோம். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், கம்பியில்லாத இரண்டு மைக், உள்ளேயே பேட்டரி, நீட்டி இழுக்க ஒரு கைப்பிடி, அடியில் இரண்டு சக்கரம் என, சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கடைக்குக் கடை வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த வகைப் பெட்டி. பேரம் பேசி முடித்த விலை 9,800 ரூபாய். ஆறு மாத உத்தரவாதத்தைப் பில்லின் பின்புறம் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதை வாங்கலாம் என்று பங்குப் பேரவையில் முன்மொழிந்தவன் நான் என்பதால், நாற்பது நாள் உழைத்த பிறகு பெட்டி எப்படி இருக்கிறது என்று கணக்கு ஒப்புவிக்கும் பொறுப்பும் எனக்கே வந்து சேர்ந்தது. மற்றப் பங்குகளிலிருந்து விசாரிக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் உண்டு. மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்று கடைக்காரரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது பின்னால் பரங்கிமலைப் படிகளில் தெரிந்தது.

எங்கள் தேவை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதே பெட்டியைப் பிறந்தநாள் வீட்டுக்கு வாங்குகிறவருக்கு நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி, நிறைகளாகத் தோன்றும். வடசென்னையில் இருக்கும் எங்கள் பங்கில் பன்னிரண்டு அன்பியங்கள், அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள், உள்ளன. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனை அடுத்து வரும் வெள்ளி தொடங்கிப் பெரிய வெள்ளிக்கு முந்தைய வெள்ளி முடிய ஆறு வெள்ளிக்கிழமைகளில், வாரத்துக்கு இரண்டு அன்பியங்கள் வீதம், அவரவர் தெருக்களிலேயே, இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளில் நினைவுகூரும் சிலுவைப் பாதை நடத்துவது வழக்கம். பதினான்கு வீட்டு வாசல்களில் சிறிய மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அந்தந்த நிலைக்குரிய படத்தையும் மெழுகுவர்த்தியையும் வைத்திருப்பார்கள். ஒருவர் மரச்சிலுவையைச் சுமந்து முன்னே செல்ல, ஒவ்வொரு வாசலிலும் நின்று, தார்ச் சாலையிலேயே முழந்தாளிட்டுச் செபம் சொல்லி, பாடிக்கொண்டே அடுத்த வாசலுக்கு நகர வேண்டும். நிலைகள் 14 என்று திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் 1731இல் வரையறுத்தபோது அவர் மனத்தில் இருந்தவை கோவில் சுவர்களாகத்தான் இருந்திருக்கும். ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டு மறுபக்கம் இருசக்கர வாகனங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கும் சந்துகளாக இருந்திருக்காது. நூற்றைம்பது பேர் நடந்தால் இந்தச் சந்துகளில் வரிசை ஐம்பது மீட்டருக்கு நீண்டுவிடுகிறது. முன்னால் செபிப்பவரின் குரல் கடைசியில் நிற்கும் பாட்டிக்குக் கேட்டால்தான் அவர் பதில் சொல்ல முடியும், பதில் வராத சிலுவைப் பாதை பாதிச் சிலுவைப் பாதைதான்.

அதற்கு முந்தைய ஆண்டு வரை ஒரு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் வருவார். எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். மூன்று சக்கர வண்டியில் ஆம்ப்ளிஃபயரையும் கார் பேட்டரியையும் ஏற்றி, மேலே குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, வெள்ளிக்கு 1,500 ரூபாய் வாங்கிக்கொள்வார். குழாய் ஸ்பீக்கரின் ஒலி காதுக்கு இனிமையாக இராது என்றாலும், பேச்சு மட்டும் தெருமுனை வரைக்கும் எழுத்தெழுத்தாகப் போகும். ஆனால் கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்றாலே காவல் நிலையத்தில் இப்போது அனுமதி கிடைப்பதில்லை. தவிரவும் ஆறு வெள்ளிக்கு 9,000 ரூபாய் என்னும்போது, கொஞ்சம் மேலே போட்டால் சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்பது என் வாதம். கணக்கில் பிழை இல்லை. அந்த அண்ணனின் ஆறு வாரக் கூலியை நாங்கள் நிறுத்துகிறோம் என்பதை மட்டும் அன்றைய கூட்டத்தில் யாரும் எழுந்து சொல்லவில்லை. தருமம் செய்ய வேண்டிய காலத்தில் பிடிக்கும் சிக்கனம் யார் வீட்டு உலையில் கை வைக்கிறது என்ற கேள்வி, கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் எனக்கே வந்தது.

பெட்டியைப் பிரித்த அன்றே, இது கொண்டாட்டத்துக்கென்று செய்த பொருள் என்பது தெரிந்துவிட்டது. மொட்டைமாடிப் பிறந்தநாள், காதுகுத்து, கல்லூரி வகுப்பின் கடைசி நாள் என்று மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள். தவக்காலமோ அதற்கு நேர்மாறானது. பீடத்தில் பூ இல்லை, அல்லேலூயா இல்லை, ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் இல்லை. இசைக்கருவிகூடப் பாட்டுக்குக் கைகொடுக்கும் அளவுக்குத்தான், நான்காம் ஞாயிறு போன்ற சில நாள்களைத் தவிர. பெரியவர்கள் இன்னமும் 'தபசு காலம்' என்றே சொல்கிறார்கள். ஒரு வேளை மட்டும் முழுச்சாப்பாடு சாப்பிட்டு இருப்பது அவர்களுக்கு ஒருசந்தி, இறைச்சியை விலக்குவது சுத்தபோசனம். திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி என்பது 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரை, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமாக இரண்டே நாள்கள்தான். எங்கள் தெருவிலோ நாற்பது நாளும் மீனைக்கூடத் தொடாதவர்கள் இருக்கிறார்கள்; மீனை விலக்கச் சொல்லிச் சட்டம் இல்லையே என்று சொன்னால், சட்டத்துக்காகவா இருக்கிறோம் என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட தெருவுக்குள் வந்த ஸ்பீக்கரும் ஒருசந்தி இருக்கப் பழக வேண்டியதாயிற்று.

முதல் தொல்லை விளக்கு. ஸ்பீக்கர் வலைக்குப் பின்னால் ஒரு வண்ண விளக்கு வளையம் இருக்கிறது. சத்தம் ஏற ஏறச் சிவப்பு, நீலம், பச்சை என்று சுழன்று ஆடும். விளக்குக்கென்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஆட்டத்தின் வகை மாறுகிறதே தவிர, விளக்கு அணைவதில்லை. மார்ச் 7, முதல் வெள்ளி. பதினோராம் நிலைக்கு வருவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. இயேசுவைச் சிலுவையில் அறைகிறார்கள் என்று எங்கள் டீச்சர் வாசிக்க வாசிக்க, அவர் குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி எதிர்வீட்டுச் சுவரெல்லாம் பச்சையும் சிவப்புமாகக் குதித்தது. பீடச் சிறுவன் ஒருவன் சிரிப்பை அடக்கப் போய், அது மூக்கு வழியாக வெடித்து, அவன் கையிலிருந்த மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டது. மறுநாளே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை வாங்கி, வளையத்தின் மேல் இரண்டு சுற்று ஒட்டினோம். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு தொட்டுக் கோவில் சுரூபங்களுக்கு (சிலைகளுக்கு) ஊதாத் துணி போர்த்தும் வழக்கம் எங்கள் பங்கில் இன்றும் உண்டு; ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு மாதம் முன்னதாகவே போர்த்தியாயிற்று.

அடுத்தது எக்கோ, அதாவது எதிரொலி. கடையிலிருந்து வரும்போதே அந்தத் திருகை நடுவில் வைத்து அனுப்புகிறார்கள். பாடுகிறவருக்கு அது துணை. செபத்துக்கு, அதிலும் 'எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி' என்று நீட்டி முடிகிற பழைய நடைச் செபத்துக்கு, அது பெரும் இடைஞ்சல். ஒரு வாக்கியத்தின் வால் அடுத்த வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது. "எனக்கு முன்னாடி வேற யாரோ நின்னு செபம் சொல்ற மாதிரி இருக்குப்பா" என்று டீச்சர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னதும் எதிரொலியோடு தெரு முழுக்கக் கேட்டது. எக்கோவைச் சுத்தமாகக் குறைத்து, பேஸை (கனத்த ஒலியை) அடிமட்டத்துக்கு இறக்கி, ட்ரெபிளை (மெல்லிய உச்ச ஒலியை) பாதிக்குச் சற்று மேலே வைத்தபோது பேச்சு தெளிந்தது. இந்த வகைப் பெட்டி வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. மூன்று திருகுகளுக்கும் நேரே வெள்ளை மையால் ஒரு கோடு போட்டுவிட்டால், யார் தூக்கி வந்தாலும் அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை நம்ப வேண்டாம். அது ஒரு நொடிக்கும் குறைவாக எழுந்து அடங்கும் உச்சத்தைச் சொல்வது; தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவைக் கேளுங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் டீ சொல்லட்டுமா என்றார்.

புளூடூத் விஷயத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குக் கடவுச்சொல் கிடையாது, ஒருமுறை இணைந்த கைப்பேசி அருகில் வந்தாலே தானாக இணைந்துகொள்கிறது. கோவில் வளாகத்தில் சோதித்துப் பார்க்க இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியை இணைத்திருந்தார். இரண்டாம் வெள்ளி அவரும் கூட்டத்தோடு நடந்து வந்தார், நடுவில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவைத் தொட்டுவிட்டார். ஆறாம் நிலையில், வெரோணிக்காள் இயேசுவின் முகத்தைத் துடைக்கும் இடத்தில், ஒரு குத்துப்பாட்டின் தொடக்கத் தாளம் நான்கு அடி முழு வேகத்தில் விழுந்தது. பங்குத்தந்தை முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், "ஆறாம் நிலை" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இளைஞரை அதற்குப் பிறகு இரண்டு வாரம் பார்க்க முடியவில்லை. இதற்குத் தீர்வு சொன்னவர், நாங்கள் வேலையிலிருந்து நிறுத்திய அதே சவுண்ட் சர்வீஸ் அண்ணன். பின்புறம் இருக்கும் ஆக்ஸ் (கம்பி வழியாகப் பாட்டு இணைக்கும்) துளையில் ஒரு வெற்றுப் பின்னைச் செருகி வைத்தால், எங்கள் பெட்டியில் புளூடூத் வாய்மூடிக்கொள்கிறது. பின்னின் விலை பத்து ரூபாய். பெட்டியை இயக்கியதும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் தன் நிலையை அறிவிக்கிறதே, அதற்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை. ஆட்கள் கூடுவதற்கு முன்பே போட்டு வைத்துவிடுகிறோம்.

சக்கரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சிமென்ட் தரையில் ஓடும், பேவர் பிளாக் பதித்த தெருவில் கடகடவென்று செபத்தையே விழுங்கும், வடிகால் பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் ஓடவே ஓடாது. ஆகவே பெரும்பாலும் தூக்கித்தான் சென்றோம். ஐந்தாம் நிலையில் சிலுவை சுமக்கத் துணைவந்த சிரேன் ஊராரின் பெயரே, ஸ்பீக்கர் தூக்கிய பையனுக்கு முதல் வாரத்திலேயே விழுந்துவிட்டது. இப்போது வீட்டிலும் அவனைச் சீமோன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இன்னொரு சிறு தந்திரம்: பெட்டியைச் சிலுவைக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்தபடி திருப்பி வைத்து, மைக் பிடிப்பவர் பெட்டிக்குப் பின்புறம் நின்றால் மைக் கீச்சிடுவதில்லை, கடைசி வரிசைக்கும் குரல் போய்ச் சேர்கிறது.

அந்த ஆண்டு ரமலான் நோன்பும் தவக்காலமும் சேர்ந்தே வந்தன. இரண்டாம் வெள்ளியும் மூன்றாம் வெள்ளியும் நாங்கள் நடந்த தெருக்கள் ஒரே பள்ளிவாசலை ஒட்டியவை. ஆறு மணிக்குத் தொடங்கினால் நான்காம் நிலையை நெருங்கும்போது நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்கு ஒலிக்கும். அப்போது மைக்கின் பொத்தானை அணைத்துவிட்டு அப்படியே நின்றோம், முடிந்ததும் தொடர்ந்தோம். பெட்டியில் மைக்கைச் சட்டென்று நிறுத்துவது மிக எளிது என்பதை இந்த இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் ஒரு 'டப்' சத்தம் தெருவையே திடுக்கிட வைக்கும். அந்த இரண்டில் முதல் வாரம் பள்ளிவாசல்காரர்கள் அன்போடு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து நீட்டினார்கள். அதில் கறி இருந்தது, எங்களுக்கோ வெள்ளிக்கிழமை. சங்கடத்தோடு காரணத்தைச் சொன்னோம். மறுவாரம் கறி போடாமல் தனியாக ஒரு பாத்திரம் வந்தது, பதினான்காம் நிலை முடிந்ததும் எல்லாரும் அங்கேயே நின்று குடித்தோம்.

பேட்டரி ஐந்து மணி நேரம் நிற்கும் என்று எழுதியிருக்கிறது. முதல் வெள்ளி அளவான ஒலியில் இரண்டே முக்கால் மணி நேரம் நின்றது. சிலுவைப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்பதால் அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். குறை எங்கள் பக்கம். உள்ளே இருப்பது ஈய அமில பேட்டரி. பயன்படுத்திய அன்றே முழுதாக ஏற்றி வைக்க வேண்டும், வற்றிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் அதன் ஆயுள் குறையும். அண்ணன் இதையும் சொல்லியிருந்தார். நாங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டு, யாராவது ஏற்றியிருப்பார்கள் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு, நான்காம் வெள்ளியன்று அப்படியே தூக்கிச் சென்றோம். எட்டாம் நிலையில் குரல் கரகரத்தது, ஒன்பதில் அடங்கிவிட்டது. அதன் பிறகு கூட்டத்தின் முன்பாதி பத்தாம் நிலைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, பின்பாதி இன்னும் ஒன்பதாம் நிலைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நிலையில், இயேசு உயிர்விட்டார் என்று முன்னால் எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாக இருந்தபோது, பின்னாலிருந்து பாட்டுச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அன்றிரவு பெட்டியைச் சக்கிரீஸ்துவில் (பீடத்தை ஒட்டிய பூசைப்பொருள் அறையில்) சார்ஜில் போட்டுவிட்டு, உபதேசியாரின் நாட்காட்டியில் வெள்ளியும் ஞாயிறும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி வைத்தோம்.

மறுநாள் சனிக்கிழமை, சென்னையில் புனித தோமையார் மலை என்றும் சொல்லப்படும் பரங்கிமலைக்குத் திருப்பயணம். 2025 கத்தோலிக்கத் திருச்சபையின் யூபிலி ஆண்டு என்பதால் இம்முறை கூட்டம் அதிகம். இரண்டு பேருந்துகள் பிடித்தோம். மலையுச்சியில் போர்த்துக்கீசியர் 1523இல் கட்டிய மாதா கோவில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஏறும் கற்படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைத்துக் கொடுத்தவர், சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிய ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். வாகனம் போக வேறு பாதை உண்டு. ஆனால் சிலுவைப் பாதை நிலைகள் படிவழியில் இருப்பதால் பெட்டியும் படிவழியில்தான் வந்தாக வேண்டும். சக்கரம் வைத்த பொருளைப் படியில் இழுப்பது, வெறும் பாரத்தைத் தூக்குவதை விடக் கடினம். இருபது படி ஏறுவதற்குள் கைப்பிடியின் திருகாணி ஒன்று கழன்று எங்கோ உருண்டு போய்விட்டது. சீமோன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

எங்களுக்கு முன்னே, மூன்று நிலை மேலே, வேறொரு பங்கின் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்காம் நிலையில் நின்று, டீச்சர் மைக்கை வாங்கி, இயேசு தம் தாயைச் சந்திக்கிறார் என்று தொடங்கினார். எங்கள் பெட்டியில் குரல் விட்டு விட்டு வந்தது. அதே குரல் மேலே ஏழாம் நிலையில் கணீரென்று கேட்டது. டீச்சர் திகைத்துப் போனாலும் நிறுத்தவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பு நடத்தியவர், ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிறவர் அல்ல. செபம் முடிந்து, 'எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி' என்று அவர் சொன்னதும், எங்கள் நூறு பேரோடு மேலே நின்ற அத்தனை பேரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். அந்தப் பக்கத்துப் பொறுப்பாளர் படி இறங்கி வந்தார். "எங்க ஸ்பீக்கர்ல யாருங்க பேசறது?" என்று கேட்டவர், எங்கள் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அச்சு அசலாக அவர்கள் பெட்டிதான், மேலே ஒட்டிய பெயர் மட்டும் வேறு. இந்த மலிவு வகை மைக்குகளில் அலைவரிசை ஒன்றே ஒன்றுதான். ஆலையில் வைத்தது வைத்தபடி இருக்கும், மாற்ற வழி இல்லை. ஒரே மாதிரிப் பெட்டிகள் இரண்டு அருகருகே வந்தால், எந்த மைக் எந்தப் பெட்டியில் பேசும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன்னே வந்தவர்கள் முன்னே முடிக்கட்டும் என்று எங்கள் மைக்குகளிலிருந்து செல்லைக் கழற்றிவிட்டு, நான்காம் நிலைப் படிகளிலேயே உட்கார்ந்து செபமாலையின் துயர மறையுண்மைகள் சொல்லிக்கொண்டிருந்தோம். மேலிருந்து அவர்கள் பதினான்காம் நிலைப் பாட்டு கேட்டபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வாங்குகிறவர்கள் ஐந்நூறோ ஆயிரமோ கூடுதலாக ஆனாலும் அலைவரிசையை மாற்றிக்கொள்ளக்கூடிய மைக் உள்ள பெட்டியையே கேட்டு வாங்குங்கள். எங்கள் அனுபவத்தில் இந்தப் பெட்டியின் மிகப் பெரிய குறை இதுதான்.

புனித வாரத்தில் பெட்டிக்கு வேலை குறைவு. குருத்து ஞாயிறன்று பள்ளி மைதானத்தில் குருத்தோலைகளை மந்திரித்து நற்செய்தி வாசித்தபோது, எண்ணூறு பேர் கூடிய இடத்தில் முன்னால் நின்ற நூறு பேரைத் தாண்டி ஒலி போகவில்லை; பேஸை ஏற்றிப் பார்த்தோம், சத்தம் பெருத்ததே தவிரச் சொல் புரியவில்லை. திறந்த வெளிக்கும் பெருங்கூட்டத்துக்கும் இது ஆகாது. பெரிய வியாழன் திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடி முடித்தபின், உயிர்ப்புக்கு முந்தைய பாஸ்கா இரவு வரையில் மணிகள்கூட ஒலிப்பதில்லை, மரக்கட்டையைத் தட்டித்தான் ஒலி எழுப்புகிறோம். ஸ்பீக்கரும் சக்கிரீஸ்து மூலையில் கிடந்தது. பாதிப் பேர் அன்றைய வழக்கப்படி ஏழு கோவில் சந்திக்கக் கிளம்பிப் போயிருந்தார்கள். பெரிய வெள்ளிக் காலையில் நடந்த பெரிய சிலுவைப் பாதைக்கு, எதிர்ப்பே இல்லாமல், சவுண்ட் சர்வீஸ் அண்ணனையே கூப்பிட்டோம். காவல்துறை ஒத்துக்கொள்ளும் பெட்டி ஸ்பீக்கர்கள் நான்கை அவர் தெரு நெடுகக் கட்டியிருந்தார், கடைசி வரிசை முன்வரிசையோடு சேர்ந்து பதில் சொன்னது. மாலை வழிபாட்டுக்குப் பிறகு கோவில் முற்றத்தில் கஞ்சி ஊற்றியபோது மட்டும் எங்கள் பெட்டிக்கு உருப்படியான வேலை இருந்தது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல். ஒருசந்தி இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் பாத்திரத்தோடு நிற்கும் இடத்தில், துவையல் தீர்ந்துவிட்டது, கஞ்சி நிறைய இருக்கிறது என்று சண்டை வராமல் அறிவிக்க இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

ஆகவே, நூறு முதல் நூற்றைம்பது பேர் வரை நடக்கும் தெருச் சிலுவைப் பாதை, அன்பியக் கூட்டம், மாதா கெபி முன் செபமாலை, மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றுக்கு இதைத் தாராளமாக வாங்கலாம். மலையேற்றத்துக்கும் குருத்து ஞாயிறு பவனிக்கும் இதை நம்ப வேண்டாம். அனுமதி விஷயத்தையும் மறந்துவிடக் கூடாது: சிறிய பெட்டிதானே என்று நினைத்தாலும் தெருவில் ஒலிபெருக்கி வைப்பதற்குக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கேட்டாக வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வைக்கவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்பது விதி. எங்கள் தெருவில் ஸ்பீக்கர் இல்லாத நாளிலேயே அதைவிட அதிகம் இருக்கும் என்பது என் ஐயம்.

பணக்கணக்கையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். விலை 9,800 என்றேன். வாரத்துக்கு நான்கு பென்சில் செல், டேப், வெற்றுப் பின், புதிய திருகாணி என்று சில்லறைச் செலவு அறுநூறு ரூபாயைத் தொட்டது. அதற்கு மேல், புளூடூத்தை அடக்கியது, திருகுகளைச் சரிசெய்தது, கைப்பிடியைப் பொருத்தியது என ஒவ்வொரு வாரமும் அந்த அண்ணன் வந்து போனதற்கு நாங்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வருமானத்தை இழந்தவர் இலவசமாக வேலை செய்ய, நாங்கள் மிச்சம் பிடித்ததாகப் பேரவையில் கணக்குக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏப்ரல் கடைசியில் நடந்த கூட்டத்தில், பெட்டியின் பராமரிப்பை அவரிடமே ஒப்படைத்து ஆண்டுக்கு 4,000 ரூபாய் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆறாயிரமாக்கலாம் என்று டீச்சர் கேட்டார், பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நான் சக்கிரீஸ்துவுக்குப் போனபோது, பீடச் சிறுவர்கள் நான்கு பேர் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கறுப்பு டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்கள். சுரூபங்களின் ஊதாத் துணியையெல்லாம் முந்தின இரவே எடுத்தாயிற்றே, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று ஒருவன் கேட்டான். விளக்குகள் நன்றாகவே எரிகின்றன. டேப்பின் பசைதான் வளையம் முழுக்க ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்திருக்கிறது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் போட்டுத் துடைத்துப் பார்த்தும் இன்னும் முழுதாகப் போகவில்லை.